எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்?

அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூஃபஸ் அண்டர்சன் 1855-இல் யாழ்ப்பாணம் வந்தபோது, வட்டுக்கோட்டைச் செமினரிக்கு வயது 32. அத்தனை ஆண்டுச் செலவுக்கும் உழைப்புக்கும் திருச்சபைக்குக் கிடைத்த ஊழியர் எத்தனை பேர் என்று அவர் கணக்குப் பார்த்தார். வந்த விடை அவருக்குப் பிடிக்கவில்லை. ஆங்கிலம் படித்த பையன்கள் அரசுக் கச்சேரி உத்தியோகம் தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள். பலர் திருநீற்றையும் விடவில்லை. அந்த ஆண்டே செமினரி மூடப்பட்டது.

அண்டர்சனின் கூட்டல் சரிதான். எதைக் கூட்டுவது என்பதில்தான் அவர் தவறினார்.

1823-இல் அமெரிக்க மிஷனரிகள் செமினரியைத் தொடங்கியபோது போட்ட திட்டத்தில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழிலக்கியத்தை வளர்ப்பதும் ஒரு நோக்கமாக எழுதப்பட்டிருந்தது. சமஸ்கிருதமும் இருந்தது. தமிழ்ப் புலமை இல்லாதவன் சொல்லும் வேதத்தைத் தமிழர் காதுகொடுத்துக் கேட்கமாட்டார்கள் என்பதை மிஷனரிகள் அறிந்திருந்தார்கள். மதம் பரப்பத்தான் தமிழ் உள்ளே அழைக்கப்பட்டது. ஆனால், உள்ளே வந்த தமிழ் அந்த வேலையோடு நிற்கவில்லை.

முதல் அதிபர் டானியல் பூர் ஐரோப்பிய வானவியலைக் கற்பித்ததோடு, உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிதத்தையும் ஆராய்ந்தார். 1829-இல் ஒரு சந்திர கிரகணம் பற்றி அவருடைய கணிப்பும் அராலிப் பஞ்சாங்கக்காரர் விசுவநாத சாஸ்திரியின் கணிப்பும் வேறுபட்டன. பூர் சொன்னதே பலித்தது. பஞ்சாங்கம் தோற்றால் அதைச் சார்ந்த சமயமும் ஆட்டங்காணும் என்பது மிஷனரிகளின் எதிர்பார்ப்பு. ஆனால், எதையும் சோதித்துப் பார்க்கப் பழகிய மாணவன் பஞ்சாங்கத்தோடு நிறுத்திக்கொள்வானா? அதே கண்ணால் விவிலியத்தையும் பார்ப்பான். ஆசிரியர்களும் மாறாமல் இருக்கவில்லை. பூருக்குப் பின் அதிபராக இருந்த ஹென்றி ஹொய்சிங்டன் சைவ சித்தாந்தத்தைப் படித்து, சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1854-இல் வெளியிட்டார். மறுக்க வேண்டிய சமயத்தையும் மூலநூலிலிருந்தே கற்க வேண்டும் என்ற ஒழுக்கம் அது.

இதன் பலன் மாணவர்களிடம் தெரிந்தது. அமெரிக்கப் புரவலர்களின் பெயர்கள் மாணவர்களுக்குச் சூட்டப்பட்ட காலம். உதயதாரகை இதழ் 1841-இல் தொடங்கியபோது அதன் ஆசிரியர்களாக இருந்த ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் தமிழ் இளைஞர்கள். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தமிழில் தருக்க நூல் எழுதினார். கடைசிவரை கிறிஸ்தவராக வாழ்ந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, 1886-இல் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டு, எல்லாச் சமயத்துப் புலவர்களின் வரலாற்றையும் தொகுத்துத் தந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்.

தாமோதரம்பிள்ளை சைவராக வாழ்ந்தார். அண்டர்சனின் ஏட்டில் அவர் நட்டக் கணக்கு. ஆனால் பௌத்தரின் வீரசோழியத்தை 1881-இல் பதிப்பித்தவர் அவர். தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885-இலும், கலித்தொகை 1887-இலும், சமண காவியமான சூளாமணி 1889-இலும் அவர் கையால் அச்சேறின. கிறிஸ்தவப் பள்ளியில் பயின்ற ஒரு சைவர் பௌத்த, சமண நூல்களைச் செல்லரிக்காமல் காப்பாற்றினார். பிறர் சமயத்து நூலையும் தன் மொழியின் சொத்தாகக் கருதும் மனம் வட்டுக்கோட்டையில் மட்டுமே வாய்த்தது என்று சொல்ல முடியாது. அங்கே அதற்கு இடம் இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இந்தப் பெருமைக்கு ஓர் எல்லையும் உண்டு. மாணவரில் பெரும்பாலோர் வெள்ளாளர். சாதியை மிஷனரிகள் மேடையில் கண்டித்தார்கள். ஆனால் உயர்சாதிப் பிள்ளைகள் வராவிட்டால் பள்ளி நடக்காது என்று பல இடங்களில் விட்டுக்கொடுத்தார்கள். கோபுரத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் எதிராகக் காட்டிய வேகம் பந்தியில் தணிந்துபோனது. இருநூறு ஆண்டுப் பெருமை பேசுவோர் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

அண்டர்சன் தமிழுக்கு எதிரி அல்லர். ஆங்கிலக் கல்வி மாணவனை ஊரிலிருந்து பிரிக்கிறது, தாய்மொழிக் கல்வியே வேண்டும் என்பது அவர் கொள்கை. அதில் உண்மையும் உண்டு. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களும் ஆக்கியது அந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சான்று. ஆனால், செமினரியை மூடியதால் ஆங்கிலத்தின் மேலிருந்த ஆசை குறையவில்லை. உயர்கல்வி மட்டத்தில் தமிழுக்கு இருந்த இருக்கைதான் போயிற்று. பழைய மாணவர்கள் விடாமல் கேட்டு, 1872-இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது.

இன்று எந்தக் கிறிஸ்தவக் கல்லூரியும் ஞானஸ்நானக் கணக்கு காட்டுவதில்லை. அந்த இடத்தில் தேர்ச்சி வீதமும் வேலைவாய்ப்பும் வெளிநாட்டு விசாவும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஏடு மாறியிருக்கிறது, கணக்குப் பார்க்கும் புத்தி அதேதான். தமிழ்த் துறைக்கு வணிகத் துறைக்குள்ள மதிப்பு இருக்கிறதா? கிறிஸ்தவ மாணவி தேவாரத்தையும், சைவ மாணவன் தேம்பாவணியையும் அச்சமோ சந்தேகமோ இன்றிப் படிக்க முடிகிறதா? வாசலுக்கு வெளியே இன்னும் யார் வீட்டுப் பிள்ளைகள் நிற்கிறார்கள்? நிர்வாகக் குழுக்கள் ஆண்டறிக்கையில் இவற்றுக்கும் விடை எழுத வேண்டும்.

ஒரு கல்லூரியின் நம்பிக்கை எவ்வளவு உறுதியானது என்பது, அதை ஏற்காத மாணவனுக்கு அக்கல்லூரி எவ்வளவு கொடுத்தது என்பதில்தான் தெரியும். அந்த அளவுகோலில் வட்டுக்கோட்டை தேறியது, மூடியவர்கள்தான் தேறவில்லை.