நாணல் நட்டால் நஞ்சு நீங்குமா?



திரை விழுந்துவிட்டது, ஆனால் நாடகம் முடியவில்லை! கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் கதை இதுதான். கரியை வெட்டியவன் காசை எண்ணிக்கொண்டு போய்விட்டான். உள்ளே கிடக்கும் கல்லோ, இரும்பும் கந்தகமும் கலந்த கல், காற்றையும் நீரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு கந்தக அமிலத்தைக் காய்ச்சுகிறது. இரும்பைக் கரைத்து ஆற்றிலே இறக்குகிறது.

மேகாலயாவின் ஜெயந்தியா மலையிலே, எலிவளைச் சுரங்கங்களைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் தடை செய்தது. அமிலம் நின்றதா? ஆணையைப் படிக்கத் தெரியாதே அதற்கு! அஸ்ஸாமின் கோபிலி நீர்மின் நிலையத்து எந்திரங்களையே அரித்த நீர் அது. இரும்புக்கே இக்கதியென்றால், ஏழை உழவனின் வயலுக்கு?

2019இல் உச்ச நீதிமன்றம், அம்மாநில அரசு 100 கோடி ரூபாயை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் செலுத்தவும், அதைச் சுற்றுச்சூழல் மீட்புக்குச் செலவிடவும் பணித்தது. மக்கள் பணம்! எதிலே கொட்டுவது?

“மின்சாரம் வேண்டாம், எந்திரம் வேண்டாம், நாணல் நடுவோம், சுண்ணாம்புக்கல் பரப்புவோம், நீர் தானே தூய்மையாகும்” என்பர். நல்வழிதான், மறுப்பேனல்லேன். ஆனால் எந்த நீருக்கு எந்த வழி?

அமிலத்தை அடக்கவல்ல காரத்தை நீரே உடன்கொண்டு வருமாயின், நாணற்குளம் போதும். இரும்பு அங்கே படிந்துவிடும். அமில நீராயினும், அதில் உயிர்வளியும் அலுமினியமும் துருவாகும் நிலையிலுள்ள இரும்பும் இல்லையெனில், காற்றுப்புகாது மண்மூடிய சுண்ணாம்புக்கல் வாய்க்கால் உதவும். அவை இருப்பின் கல்மீது கவசம் படியும், வாய்க்கால் அடைபடும். அங்கே கல்லின்மேல் மட்கிய எருவைப் பரப்பி, நீரை மேலிருந்து வடியவிடும் படுகை வேண்டும். கடும் அமிலம் பெருவெள்ளமாய் வருமாயின், நாள்தோறும் சுண்ணாம்பு கலக்கும் ஆலையே கதி!

இங்கிலாந்தின் கார்ன்வாலிலே, வீல் ஜேன் வெள்ளீயச் சுரங்கம் 1991இல் மூடப்பட்டது. 1992 ஜனவரியில் உடைத்துப் பாய்ந்த நீர், ஃபால் கழிமுகத்தைச் செம்மஞ்சளாக்கிற்று. 1994இல் நாணற்படுகைகளைச் சோதனைக்காகக் கட்டினர், அளந்தனர், ஆராய்ந்தனர். 2000இல் சுண்ணாம்பு கலக்கும் ஆலையையே நிலையாக அமைத்தனர். இது தோல்வியா? அன்று! பெரும்பணம் கொட்டுமுன் சிறிதாய்ச் சோதித்துக்கொண்ட அறிவுடைமை!

தானே இயங்கும் என்ற சொல்லிலும் ஒரு மயக்கம் உண்டு. குளத்திலே சேறு நிறையும், எரு தீரும், கல் கரையும். கட்டிய நாளன்று மாலையும் மேளமும், கல்வெட்டும் கைத்தட்டலும்! பத்தாம் ஆண்டிலே சேற்றை அள்ள ஆளுண்டா? அவனுக்குக் கூலியுண்டா? இல்லையெனில் அந்தக் கல்வெட்டு, செத்த ஆற்றுக்கு நட்ட நடுகல்லாகும்.

ஆகவே தோழரே, எங்கே இத்தகைய திட்டம் அறிவிக்கப்பட்டாலும் மூன்று கேள்விகளை முன்வையுங்கள். மழையிலும் கோடையிலும் நீரை அளந்தீரா? சிறிய அளவிலே சோதித்தீரா? பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கினீரா? மூன்றுக்கும் விடை கிடைத்தபின் அடிக்கல் நாட்டட்டும். முதல் கைத்தட்டல் நம்முடையதாகவே இருக்கட்டும்!