பால்கோவாவுக்கு இருக்கு, பள்ளிக்கூடத்துக்கு இல்லை!

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இனிமேல் வேறு எங்கோ கிண்டிய பால்கோவாவை டப்பாவில் அடைத்து அந்த ஊர்ப் பெயரை ஒட்டி விற்றால் சட்டப்படி தடுக்கலாம். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டுகிற ஒரு இனிப்பு, அவ்வளவுதான். அந்தப் பெயரைக் காக்க 1999-ல் போட்ட ஒரு சட்டம், கிண்டியில் ஒரு பதிவு அலுவலகம், ஆட்சேபம் சொல்ல அவகாசம் என்று இத்தனை ஏற்பாடு!

சரி, அதே ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் ஏறுங்கள். ஒரு பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். மேற்கே மலையை ரசித்துக்கொண்டே போகலாம், ஆனால் எதிரே வரும் மஞ்சள் வேன்களையும் கொஞ்சம் படித்துக்கொண்டே போங்கள். தமிழ்நாட்டின் எல்லாச் சின்ன ஊர்களையும் போல இங்கேயும் "இன்டர்நேஷனல்", "குளோபல்", "வேர்ல்ட்" எல்லாம் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பெயர்களை யார் சரிபார்த்தார்கள்? பால்கோவா டப்பாவைச் சரிபார்க்க ஆள் இருக்கிறது. இதற்கு இல்லை.

முதலில் இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். 1924-ல் ஜெனீவாவில் சர்வதேசப் பள்ளி தொடங்கினார்கள். உலக நாடுகள் சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் எங்கே படிப்பது என்பதுதான் அதன் பிரச்சினை. அதற்கும் முன்னால், இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், 1901-ல் கொடைக்கானலில் ஹைகிளார்க் என்றொரு பள்ளி வந்தது. தென்னிந்தியாவில் வேலை செய்த அமெரிக்க மிஷனரிகளுக்குப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பினால் வருஷக்கணக்கில் முகம் பார்க்க முடியாது. இங்கேயே வைத்துக்கொண்டால் திரும்பிப் போகும்போது அங்கத்திய படிப்பில் ஒட்டாது. அந்தக் கஷ்டத்துக்குக் கண்ட வழிதான் அந்தப் பள்ளி. அதுதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். 1976-ல் ஐ.பி. பாடத்திட்டத்தை இந்தியாவிலேயே முதலில் எடுத்துக்கொண்டதும் அதுவே. சென்னையில் 1995-ல் வந்த அமெரிக்கன் இன்டர்நேஷனல் ஸ்கூலின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நாடு விட்டு நாடு மாற்றலாகும், பிள்ளையின் படிப்பு அறுந்து போகக்கூடாது. எந்த நாட்டில் விட்டாலும் இன்னொரு நாட்டில் பிடித்துக்கொள்ளலாம். இன்டர்நேஷனல் என்பதற்கு அர்த்தமே இவ்வளவுதான்! நீச்சல் குளமும் குதிரைச் சவாரியும் அதில் சேர்த்தி இல்லை.

இப்போது ராஜபாளையத்துக்கு வருவோம். இந்தக் கஷ்டம் இங்கே யாருக்கு இருக்கிறது? துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறவர்களுக்கு உண்மையாகவே இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் வளைகுடாவில் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் படிப்பதே சிபிஎஸ்இ-யில்தான். அங்கே விட்ட பாடத்தை இங்கே ஒரு சாதாரண சிபிஎஸ்இ பள்ளியில் தொடர்ந்தால் போதும், பெயரில் வேறு எதுவும் வேண்டியதில்லை. மீதிப் பேர்? மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர், பருத்தி வியாபாரி, பால்கோவா கடைக்காரர், அரசு ஊழியர். இவர்கள் பிள்ளை ஆறாம் வகுப்பில் ஜெனீவாவுக்கு மாற்றலாகப் போவதில்லை :-)

உள்ளே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றால், இந்த மாதிரிப் பள்ளிகள் பலவற்றில் அதே சிபிஎஸ்இ, அதே என்சிஇஆர்டி புத்தகம். பாடம் டெல்லியிலிருந்து, பெயர் ஜெனீவாவிலிருந்து! என்சிஇஆர்டி புத்தகம் மட்டம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை, நல்ல புத்தகங்கள்தான். நீட் தேர்வு வந்த பிறகு பெற்றோர் அதைத் தேடிப் போவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அப்படியானால் போர்டில் "சிபிஎஸ்இ பள்ளி" என்று எழுதினால் போதாதா?

போதாது. ஏன் என்பதை வணிகவியல் முதல் வருஷப் பையனே சொல்லிவிடுவான். ஒரு காலத்தில் "இங்கிலீஷ் மீடியம்" என்றாலே விற்றது. அப்புறம் "மெட்ரிகுலேஷன்". 2010-லும் 2011-லும் சமச்சீர் கல்வி வந்து, ஸ்டேட் போர்டுக்கும் மெட்ரிக்குக்கும் ஒரே புத்தகம் என்றானதும் அந்த லேபிளுக்கு மவுசு போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையிலும் அதே புத்தகம் இருந்தால் கூடுதல் பணம் எதற்கு? அடுத்தது சிபிஎஸ்இ. தெருவுக்கு ஒன்று வந்ததும் அதுவும் சாதாரணமாகிவிட்டது. அதற்குமேல் என்ன இருக்கிறது? இன்டர்நேஷனல்! உள்ளே சரக்கு மாறுகிறதோ இல்லையோ, பொட்டலம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

இலங்கைக் கதை இன்னும் வேடிக்கை. 1960-களின் தொடக்கத்தில் அங்கே உதவி பெறும் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது, கட்டணம் வாங்கும் புதிய தனியார் பள்ளிகளுக்கும் தடை போட்டது. பின்னால் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் கம்பெனிச் சட்டத்தில் பதிவு செய்துகொண்டு பள்ளி நடத்த ஆரம்பித்தார்கள். அவைதான் அங்கத்திய சர்வதேசப் பாடசாலைகள். படிப்பது பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகள், எழுதுவது லண்டன் பரீட்சை. அங்கே அந்த வார்த்தை ஒரு சட்டத்தின் சந்தில் புகுந்து வெளியே வர உதவியது. இங்கே அந்த அவசியம்கூட இல்லை, அலங்காரம் மட்டும்தான்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்திலேயே சத்திரப்பட்டி இருக்கிறது. மருத்துவத் துணிக்கும் பேண்டேஜுக்கும் பேர் போன ஊர், வெளிநாட்டுக்கும் சரக்கு போகிறது. வாங்குகிறவன் என்ன கேட்பான்? அங்குலத்துக்கு எத்தனை இழை, தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் உறிஞ்சும், எந்தத் தரத்துக்குச் சோதித்தது, சான்றிதழ் எங்கே என்பான். "இன்டர்நேஷனல் பேண்டேஜ்" என்று அட்டையில் அச்சடித்தால் ஒரு பெட்டிகூட நகராது. இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகத் தெரிந்த அதே ஊர்க்காரர், பிள்ளையைச் சேர்க்கிற அன்று மட்டும் போர்டைப் பார்த்துவிட்டுச் செக் எழுதிவிடுகிறார்.

கட்டண விஷயத்தில் சட்டம் கொஞ்சம் தெளிவு. 2009-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தில், பள்ளி இருக்கும் இடம், கட்டமைப்பு, நிர்வாகச் செலவு, வளர்ச்சிக்கு வேண்டிய நியாயமான உபரி என்றெல்லாம் பார்த்துக் கட்டணம் நிர்ணயிக்கச் சொல்லியிருக்கிறது. பெயர் என்று ஒரு காரணி அதில் இல்லை. ரசீதிலும் அப்படி ஒரு வரி இருக்காது. ஆனால் பெற்றோர் பணம் கொடுப்பது அதற்கும் சேர்த்துத்தான்.

"வசதி இருக்கிறவன் சேர்க்கிறான், உங்களுக்கு என்ன வயிற்றெரிச்சல்?" என்று கேட்பவர்கள் உண்டு. கோடீஸ்வரர் பற்றிக் கவலையே இல்லை, அவர் கொடைக்கானலுக்கே அனுப்புவார். கவலை, நகையை அடகு வைத்துச் சேர்க்கிறவரைப் பற்றியது. பணத்தோடு போகிற இன்னொன்றும் இருக்கிறது. ஆண்டாள் பிறந்த ஊரில், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளையை "அவனுக்குத் தமிழ் அவ்வளவா வராது" என்று பெருமையாக அறிமுகம் செய்கிறார்கள். தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006-ம் வருஷச் சட்டத்தை 2014-ல் ஒரு ஆணை போட்டு சிபிஎஸ்இ உள்ளிட்ட மற்ற போர்டு பள்ளிகளுக்கும் நீட்டித்தார்கள், 2015-16 முதல் படிப்படியாக. சட்டம் போட்டுத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்கிற நிலைக்கு வந்ததே! இதில் உண்மையான ஐ.பி. எப்படி என்றால், டிப்ளமோவில் முதல் பாடமே பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த மொழியின் இலக்கியமும் மொழியும்தான். நகல் எடுத்தவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டார்கள் போல.

அட்மிஷன் நேரத்தில் போகிறவர்கள் எந்த போர்டு, அங்கீகார எண் என்ன, ஐ.பி. அல்லது கேம்பிரிட்ஜ் என்று சொன்னால் அதற்கான அனுமதி எங்கே என்று கேளுங்கள். ஐ.பி. தன் பள்ளிகளின் பட்டியலை இணையத்திலேயே வைத்திருக்கிறது, இரண்டு நிமிஷ வேலை. அப்படியே வாசலில் இருக்கும் பிளக்ஸில் பொன்னிற முடியோடு ஒரு சிறுமி சிரித்துக்கொண்டிருந்தால், அந்தப் பாப்பா எந்த வகுப்பு, எந்த செக்‌ஷன் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.