மூளைக்கு ஸ்டென்ட்: தோட்டத்தை ஒத்திக்கு வைக்கும் முன் படிங்க

"இதயத்துல அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சு அப்பா நல்லா இருக்கார். மூளைக்கும் வச்சிட்டா வேலை முடிஞ்சிடும்ல டாக்டர்?"

கம்பம், சின்னமனூர் பக்கமிருந்து அடிக்கடி வர்ற கேள்வி. திராட்சைத் தோட்டத்தை ஒத்திக்கு வைக்கத் தயாரா இருந்துக்கிட்டே கேக்கறாங்க. கொஞ்சம் நில்லுங்க.

மூளை ரத்தக்குழாய் இதயக் குழாய் மாதிரி கிடையாது. சுவர் மெல்லிசு. பக்கத்துலயே நூல் மாதிரி கிளைகள் பிரியும். ஸ்டென்ட்டை விரிக்கும்போது கொழுப்புப் படிவம் நசுங்கி, அந்தக் கிளைகளோட வாயை அடைச்சிடலாம். குழாய் கிழிஞ்சு ரத்தக்கசிவும் ஆகலாம்.

2011ல் வெளியான சாம்பிரிஸ் என்ற அமெரிக்க ஆய்வு இதைத்தான் காட்டுச்சு. பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ வந்து, குழாய் 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கின 451 பேர். ஒரு பாதிக்குத் தீவிர மருந்து மட்டும், மறு பாதிக்கு அதோட ஸ்டென்ட்டும். 30 நாளில் பக்கவாதம் அல்லது மரணம்: மருந்து மட்டும் எடுத்தவங்களில் 5.8 சதவீதம், ஸ்டென்ட் வச்சவங்களில் 14.7 சதவீதம்! புதுசா ஆள் சேர்க்கறதையே நிறுத்திட்டாங்க. 2022ல் வெளியான சீன ஆய்விலும் ஸ்டென்ட்டால் கூடுதல் பலன் தெரியலை.

அப்ப ஸ்டென்ட்டே வேண்டாமா? அப்படிச் சொல்லலை. மருந்தை ஒழுங்கா எடுத்தும் திரும்பத் திரும்பப் பக்கவாதம் வர்றவங்களுக்கு, அனுபவமுள்ள நரம்பியல் குழு யோசிக்கலாம். (கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு வேற கதை, இதோட குழப்பிக்காதீங்க.)

என் ஆதங்கம் வேற. அந்த 5.8 சும்மா வரலைங்க. ஆஸ்பிரின், முதல் 90 நாள் கூடவே க்ளோபிடோக்ரெல், ஸ்டேட்டின், பிரஷர் 140க்குக் கீழே, கெட்ட கொழுப்பு 70க்குக் கீழே, பீடி சிகரெட்டுக்கு முழுக்கு. இதை நம்மில் எத்தனை பேர் விடாம செய்யறோம்? லட்சக்கணக்கில் செலவழிக்க ரெடியா இருக்கற மகன், அப்பா ஏலத்தோட்டத்துக்கு மலையேறினப்ப மாத்திரை கொண்டு போனாரான்னு கேக்கறதில்லை. "பிரஷர் நார்மலாயிடுச்சு"ன்னு நிறுத்திடறாங்க. அட, மாத்திரை போட்டதாலதானே நார்மல்!

பிரஷர், சுகர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருது. வாங்கி வச்சா மட்டும் போதாது, முழுங்கணும்.

திடீர்னு வாய் கோணுது, கை விழுது, பேச்சு குழறுதுன்னா உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. கம்பத்துலேர்ந்து தேனி தாண்டி க.விலக்கு மெடிக்கல் காலேஜ் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிடும், விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

மூளைக்கு ஸ்டென்ட் வைக்கச் சொன்னா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேளுங்க: அடைப்பு எத்தனை சதவீதம்? இந்தக் குழாயாலதான் பக்கவாதம் வந்துச்சா? மருந்தை முழுசாக் கொடுத்துப் பார்த்தாச்சா?