தேசிங்குராசனும் அவன் தோழனும்

செஞ்சிக் கோட்டையைக் கண்டதும் தேசிங்குராசன் கதைப்பாடலே நம் நினைவுக்கு வருகிறது. பத்துத் திங்களே ஆண்ட அவ்விளைஞன், தந்தை சரூப்சிங் காலத்துக் கப்பப் பாக்கியைச் செலுத்த மறுத்து, 1714 இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் பெரும்படையைச் சில நூறு வீரரோடு எதிர்த்து மாண்டான். வீரந்தான், ஆனால் அவசரமும் செருக்கும் கலந்த வீரம். அதன் விலையைப் பிறரும் கொடுத்தனர். இளம் அரசி உடன்கட்டை ஏறினாள். இராணிப்பேட்டை அவள் நினைவாக எழுந்த ஊர் என்பர். இசுலாமியத் தோழன் மகபத்கானோ, பாடலின்படி, மணக்கோலத்தைக் களைந்து போர்க்களம் விரைந்தான், அங்கேயே வீழ்ந்தான். பாடகர்கள் அரசனையும் பாராசாரிக் குதிரையையும் பாடிக் களைப்பதில்லை. எனக்கு மகபத்கானே பெரியவன். அவனுக்குக் காக்க ஓர் அரியணையும் இல்லை; மறுக்க ஒரு கப்பமும் இல்லை.