நட்பும் ஒரு பாடமே

மாணவி, பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு

படிப்பு என்றால் பாடநூலைத் திறந்து, வரிவரியாக மனனம் செய்து, தேர்வெழுதி மதிப்பெண் பெறுவது என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். நட்போ தானாக வாய்ப்பது. அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்போர் பலர். அவர்களிலும் சிலர் ஒருபடி மேலே சென்று, "பொதுத்தேர்வு முடியும்வரை தோழிகளை மறந்துவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அறிவுரை கூறுவதும் உண்டு. இந்த அறிவுரை நல்லெண்ணத்தில் பிறந்ததே. ஆயினும் அது தவறானது என்பது என் கருத்து. நட்பும் முயன்று கற்க வேண்டிய ஒரு பாடமே. இதற்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்வது பெரிய காப்பியம் எதுவும் அன்று. சிறு குழந்தைகளுக்காக எடுக்கப்பட்ட ஒரு கார்ட்டூன் தொடர்! சிரிக்காமல் கேளுங்கள், தோழியரே.

'மை லிட்டில் போனி: ஃபிரண்ட்ஷிப் இஸ் மேஜிக்' என்பது அத்தொடரின் பெயர். லாரன் ஃபாஸ்ட் என்னும் அமெரிக்கப் பெண்மணி இதை உருவாக்கினார். 2010 அக்டோபர் 10 அன்று அமெரிக்காவில் தொடங்கி 2019 வரை, ஒன்பது பருவங்களாக இது ஒளிபரப்பாயிற்று. நான் இங்கே பேசப்போவது 2011 மே மாதத்தில் முடிவுற்ற முதல் பருவத்தைப் பற்றி மட்டுமே. அதில் 26 பகுதிகள் உள்ளன. வண்ண வண்ண மட்டக்குதிரைகள் பேசுகின்றன, பாடுகின்றன, பறக்கின்றன. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இவ்வளவே தெரியும். சற்று உற்றுப் பார்த்தாலோ, நம் வகுப்பறையே அங்கே தெரியும்.

கதையின் நாயகி ட்வைலைட் ஸ்பார்க்கிள் என்னும் ஒற்றைக்கொம்புக் குதிரை. நம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவியை எண்ணிக்கொள்ளுங்கள், அவளேதான் இவள். எந்நேரமும் நூலும் கையுமாக இருப்பவள். தோழிகளோடு செலவிடும் நேரம் வீண் என்று எண்ணுபவள். அவளுடைய ஆசிரியையும் அந்நாட்டின் அரசியுமான செலஸ்டியா, அவளைப் போனிவில் என்னும் சிற்றூருக்கு அனுப்புகிறார். அங்கே நடக்கவிருக்கும் விழா ஏற்பாடுகளை மேற்பார்வையிடுவது ஒரு பணி. சில தோழிகளைத் தேடிக்கொள்வது மற்றொரு பணி. இரண்டாவது பணிதான் அவளுக்குக் கசக்கிறது.

அன்றிரவே ஊருக்கு ஆபத்து வருகிறது. அதை நீக்கும் வழியைத் தேடி அவள் காட்டுக்குள் செல்லும்போது, முந்திய நாள்தான் அறிமுகமான ஐவர் உடன் வருகின்றனர். வழியில் ஆப்பிள்ஜாக் உண்மையே பேசி அவள் உயிரைக் காக்கிறாள். சீறிவரும் கொடிய விலங்கின் பாதத்தில் தைத்திருந்த முள்ளை எடுத்து அதன் சினத்தைத் தணிக்கிறாள் ஃபிளட்டர்ஷை. அச்சமூட்டும் மரங்களைப் பார்த்துச் சிரித்து, மற்றவரின் அச்சத்தைப் போக்குகிறாள் பிங்க்கி பை. அழுதுகொண்டிருக்கும் நீர்ப்பாம்புக்குத் தன் அழகிய வாலையே வெட்டிக் கொடுக்கிறாள் ரேரிட்டி. ஆசைகாட்டி அழைப்போரை உதறித் தோழிகளிடமே திரும்புகிறாள் ரெயின்போ டேஷ். வாய்மை, இரக்கம், மகிழ்ச்சி, ஈகை, உறுதி மாறாமை என்னும் இந்த ஐந்தும் எந்த நூலிலிருந்தும் அவளுக்குக் கிடைக்கவில்லை; ஐந்து தோழிகளின் செயலிலிருந்து கிடைத்தன. ஆறாவது பொறி அவள் உள்ளத்திலேயே மூண்டபோதுதான் ஆபத்து விலகுகிறது. அவள் அவ்வூரிலேயே தங்கி நட்பைப் பற்றிப் பயின்று, கற்றதைக் கடிதமாக எழுதி அனுப்ப வேண்டும் என்று செலஸ்டியா கட்டளையிடுகிறார். அதன்பின் பெரும்பாலான பகுதிகள் அத்தகைய கடிதத்துடனேயே முடிகின்றன. தோழியரே, நட்புக்கு வீட்டுப்பாடம் கொடுத்த ஆசிரியையை வேறெங்கேனும் கண்டதுண்டா?

அப்படி அவள் கற்ற பாடங்கள் என்ன? 'எல்லாரிடமும் இனிமையாகப் பேசு' என்பது போன்ற எளிய பாடங்கள் அல்ல. நான்காம் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஆப்பிள்ஜாக்கின் அண்ணன் காயமுற்றுக் கிடக்கிறான். தோட்டத்து ஆப்பிள் முழுவதையும் தானே தனியாக அறுவடை செய்வதாக அவள் சொல்லிவிடுகிறாள். அதோடு, மூன்று தோழிகளுக்கு உதவுவதாகவும் வாக்களித்திருக்கிறாள். ட்வைலைட் உதவ முன்வரும்போதெல்லாம் மறுக்கிறாள். உறக்கமில்லாத மயக்கத்தில் அவள் செய்த பண்டத்தை உண்டவர்கள் நோயில் விழுகிறார்கள். அவள் வெருட்டிய முயல்கள் ஊரின் தோட்டங்களை மேய்ந்துவிடுகின்றன. உதவி செய்வது நட்பு என்று நமக்கெல்லாம் தெரியும். உதவியை ஏற்றுக்கொள்வதும் நட்பே என்பதை எத்தனை பேர் அறிவோம்? புரியாத கணக்கைப் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்கக் கூச்சப்பட்டுக் கண்ணீர் விடும் மாணவியர் நம்மிடையே இல்லையா?

என் மனத்தைப் பெரிதும் தொட்டது ஒன்பதாம் பகுதி. ஸிகோரா என்னும் வரிக்குதிரை காட்டில் தனியே வாழ்கிறாள். அவள் ஊருக்குள் வந்தால் கடைகள் அடைக்கப்படுகின்றன, கதவுகள் தாழிடப்படுகின்றன. அவள் செய்த தீங்கு ஏதும் இல்லை. அவள் தோற்றம் வேறு, பேச்சு வேறு, அவ்வளவே. வதந்தி மட்டும் வீடு வீடாகச் சுற்றுகிறது. துணிந்து அவள் பின்னே செல்பவள் ஆப்பிள்ஜாக்கின் சிறு தங்கை ஒருத்திதான். அவளைத் தடுக்க ஓடிய தோழிகள் காட்டில் நீலநிற நச்சுச்செடிகளை மிதித்துவிடுகிறார்கள். மறுநாள் ஒருத்தியின் குரல் மாறுகிறது. ஒருத்தியின் நாக்கு வீங்குகிறது. ஒருத்தி விரலளவுக்குச் சிறுத்துவிடுகிறாள். எல்லாம் ஸிகோராவின் சாபமே என்று அவர்கள் முடிவு கட்டுகிறார்கள். உண்மையிலோ, ஸிகோராவின் அண்டாவில் கொதித்துக்கொண்டிருப்பது அவர்களைக் குணப்படுத்தும் மூலிகை. அதற்குரிய ஒரு பொருள் குறைகிறது. அதை வாங்க அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் கடைகள் மூடியிருக்கின்றன! தங்கள் மருந்துக்குத் தாங்களே கதவடைத்திருக்கிறார்கள் ஊரார். அம்மருந்தைப் பற்றிய நூலும் ட்வைலைட்டின் அலமாரியிலேயே இருந்தது. தலைப்பைப் பார்த்து மூடநம்பிக்கை நூல் என்று அவள் ஒதுக்கி வைத்திருந்தாள்.

இதைப் பார்க்கும்போது மறைக்கல்வி வகுப்பில் நாம் கேட்ட நல்ல சமாரியன் உவமை நினைவுக்கு வராமல் போகாது. அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டியவன், அவனுடைய மக்கள் வெறுத்து ஒதுக்கிய இனத்தவன் அல்லவா? நம் பள்ளிக்கு ஆண்டின் நடுவில் புதிதாக வந்து சேரும் மாணவியை எண்ணிப் பாருங்கள். அவள் பேச்சு வேறு மாதிரி இருக்கும். உணவுப் பாத்திரத்தில் இருப்பதும் வேறாக இருக்கும். "அவளோடு சேராதே" என்று ஒருத்தி சொல்வாள். காரணம் கேட்காமலேயே பத்துப் பேர் தலையசைப்பார்கள். மதிய உணவு வேளையில் அவள் மரத்தடியில் தனியே அமர்ந்திருப்பாள். நாம் யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. கதவை மட்டும் சாத்திக்கொண்டோம். அதுவும் வன்முறையே என்று இந்தக் கார்ட்டூன் சொல்கிறது. நானும் அவ்வாறே சொல்கிறேன்.

இத்தொடரில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. ஐந்தாம் பகுதியில் கில்டா என்னும் முரட்டுப் பறவை விலங்கு வருகிறது. ரெயின்போ டேஷின் பழைய தோழியான அது, மற்றவரைப் புண்படுத்துகிறது. சாதுவான ஃபிளட்டர்ஷையை அழவைக்கிறது. அந்த நட்பை டேஷ் முறித்துக்கொள்கிறாள். அது சரியே. திருவள்ளுவர் நட்புக்கென வகுத்த ஐந்து அதிகாரங்களுள் 'தீ நட்பு', 'கூடா நட்பு' என்ற இரண்டும் உள்ளன அல்லவா? ஆனால் ஆறாம் பகுதியில் தற்பெருமை பேசிய டிரிக்ஸியும், கில்டாவைப் போலவே, இந்தப் பருவத்தில் மன்னிப்புக் கேட்கவோ பெறவோ வாய்ப்பின்றி ஓடி மறைகிறாள். நாட்டையே இருளில் ஆழ்த்த முயன்ற லூனாவை அவள் அக்கா செலஸ்டியா ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் கட்டியணைத்து மன்னிக்கிறார். பெரும் பிழைக்கு மன்னிப்பு, சிறு பிழைக்கு விரட்டலா? இக்குறை 2012இல் டிரிக்ஸிக்கும் 2015இல் கில்டாவுக்கும் பின்வந்த பருவங்களில் தீர்க்கப்பட்டது. ஆயினும் முதல் பருவத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடும் குழந்தைக்கு அது தெரியாது. தீய நட்பை விலக்கும்போதும் திரும்பி வருவதற்கு ஒரு வாயிலைத் திறந்து வைக்க வேண்டும் என்பதே நாம் கற்ற கிறிஸ்தவ நெறி.

பெற்றோர்கள் இன்னொரு குறை கூறலாம்: "இது பொம்மை விற்பதற்கான விளம்பரம்தானே!" இதில் உண்மை உண்டு. இத்தொடர் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1980களிலிருந்து விற்றுவரும் பொம்மைகளை ஒட்டியது. இதை முதலில் ஒளிபரப்பிய 'ஹப்' தொலைக்காட்சியிலும் அந்நிறுவனத்திற்குப் பங்கு இருந்தது. ஆகவே தம்பி தங்கையர் பொம்மைக்கு அடம்பிடித்தால் மறுப்பது பெற்றோரின் உரிமை. ஆனால் விற்பனைக்காகப் பிறந்த ஒன்றிலும், பொறுப்புள்ள கலைஞர் கை வைத்தால் நல்ல கருத்து முளைக்கும். பதினான்காம் பகுதியில் ரேரிட்டி தோழிகளுக்கு அன்போடு தைத்த ஆடைகளை அவர்கள் குறைகூறித் திருத்தச் சொல்கிறார்கள். எல்லாரையும் நிறைவு செய்யப் போய், எல்லாமே அலங்கோலமாகிவிடுகிறது. அவள் முதலில் தைத்தவையே அழகு என்பதைத் தோழிகள் பிறகுதான் உணர்கிறார்கள். தோழி அன்போடு தருவதை நன்றியோடு பெற்றுக்கொள் என்னும் இந்தப் பாடத்தைக் கற்க ஒரு பொம்மையும் வாங்க வேண்டியதில்லை.

இறுதியாக, தொடக்கத்தில் சொன்ன அறிவுரைக்கு வருகிறேன். படிப்பா, தோழிகளா என்று கேட்பதே பிழையான கேள்வி. பதினோராம் பகுதியில் போனிவில் மக்கள் மந்திரம் எதுவும் பயன்படுத்தாமல், தம் உழைப்பாலேயே குளிர்காலப் பனியை அகற்றுகிறார்கள். ஆண்டுதோறும் அவர்களுக்குக் காலம் தாழ்ந்துவிடுகிறது. ட்வைலைட்டுக்கு உழவும் தெரியாது, கூடு கட்டவும் தெரியாது. எந்தக் குழுவிலும் அவளுக்கு இடமில்லை. முடிவில் ஊரைக் காப்பாற்றியது எது தெரியுமா? பட்டியல் போட்டு ஒழுங்குபடுத்தும் அவளுடைய படிப்புப் பழக்கமே! நூலறிவு பிறருக்குப் பயன்பட்டபோது அவளுக்கும் ஓர் இடம் கிடைத்தது. படித்தவள் தனியே நின்றிருந்தால் அந்த அறிவு அலமாரியிலேயே உறங்கியிருக்கும்.

ஆகவே பெரியோர்களே, அருட்சகோதரியரே, எங்களைப் படிக்கச் சொல்லுங்கள், கண்டிப்போடும் சொல்லுங்கள். தோழிகளை மட்டும் மறக்கச் சொல்லாதீர்கள். தேர்வுக் கூடத்தில் தனித்தனியே அமர்ந்து எழுதப் போகிறவர்கள்தாம் நாங்கள். ஆனால் அதுவரை நடக்க வேண்டிய வழி நெடியது. தோழியரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரத்திற்கு ஒருமுறை, நட்பைப் பற்றி நீங்கள் புதிதாகக் கற்ற ஒன்றை நாட்குறிப்பில் எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றுமில்லை என்றால், நாளை மதிய உணவு வேளையில் மரத்தடியில் தனியே அமர்ந்திருப்பவளிடம் சென்று அமருங்கள். எழுதுவதற்கு அங்கே நிறைய இருக்கும்.