டிராக்டர் வயர் அறுந்தால் முறுக்கி டேப் சுற்றினால் போதுமா?

கேள்வி: ‘‘என் டிராக்டரில் இருந்து டிரெய்லர் விளக்குகளுக்குப் போகும் வயர் ஒன்று அறுந்துவிட்டது. கனெக்டருக்குள் ஒரு பின்னும் உடைந்திருக்கிறது. வயரை முறுக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரு நாள் எரிகிறது, மறுநாள் எரிவதில்லை. வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். கரும்பு வெட்டு தொடங்கப்போகிறது. இதை நானே சரிசெய்ய முடியுமா?’’

- ஒரு வாசகர், கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பதில்: முடியும். ஒரு வயரும் ஒரு பின்னும் போனதற்காக முழு வயரிங்கையும் மாற்றத் தேவையில்லை. ஆனால், டேப் சுற்றிய இணைப்போடு கரும்பு ஏற்றிக்கொண்டு இரவில் ரோட்டுக்குப் போகாதீர்கள். பின்விளக்கு எரியாமல் நிற்கும் கரும்பு லோடு, பின்னால் பைக்கில் வருபவருக்கு அருகில் வந்த பிறகுதான் தெரியும். இதில் போவது நம் பணம் மட்டுமல்ல, அடுத்தவர் உயிரும்தான்.

முறுக்கிய இணைப்பு ஏன் நிற்பதில்லை? வண்டி ஓடும்போது ஏற்படும் அதிர்வில் முறுக்கு தளர்ந்துவிடும். வெயிலில் டேப்பின் பசை இளகி, ஈரம் உள்ளே போகும். உர மூட்டை ஏற்றும் வண்டியில் இன்னொரு தொல்லையும் உண்டு. சிந்திய யூரியா ஈரத்தோடு சேர்ந்து சிதையும்போது அம்மோனியா வெளிப்படும். அது செம்பையும் பித்தளையையும் அரிக்கக்கூடியது. பின்னில் பச்சைக் களிம்பு படிந்தால், மின்சாரம் சரியாகக் கடக்காது.

வேலையைத் தொடங்கும் முன்பு பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். முடித்த பிறகு அதைக் கடைசியாக மாட்டுங்கள். இப்போதைய டிராக்டர்களில் மைனஸ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால், ஷார்ட் ஆகி நெருப்புப் பொறி பறக்கும்.

வயரை இணைக்கும் முறை

அறுந்த இரண்டு முனைகளையும் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிவிடுங்கள். கறுத்த செம்பை இணைத்துப் பயனில்லை. நீளம் குறைந்தால் இழுத்துக் கட்டாமல், அதே தடிமனுள்ள ஆட்டோ வயரில் ஒரு துண்டு சேருங்கள். மெல்லிய வயர் போட்டால் சூடாகும்.

சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவை, இணைப்பதற்கு முன்பே வயரில் நுழைத்துவிடுங்கள். பலர் இணைத்த பிறகுதான் அதைத் தேடுவார்கள். செம்பு இழைகள் அறுபடாமல் மேலுறையை உரித்து, இரண்டு முனைகளையும் இணைப்புக் குழலில் செருகி, கிரிம்பிங் பிளேயரால் அழுத்துங்கள். கையால் இழுத்துப் பாருங்கள். வராவிட்டால்தான் இணைப்பு சரி. பிறகு ஸ்லீவை அதன்மேல் நகர்த்திச் சூடு காட்டுங்கள்.

ஈயம் வைத்துப் பற்றவைக்கலாமா என்று பலரும் கேட்பதுண்டு. ஈயம் வயருக்குள் ஊறிய இடம் விறைத்துவிடும். அதிர்வில் அந்த விளிம்பிலேயே வயர் ஒடியும். டிராக்டருக்கு அழுத்திய இணைப்பே நல்லது. பல வயர்கள் அறுந்திருந்தால், எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் முன்னும் பின்னுமாக அமையுங்கள்.

உடைந்த பின்னை மாற்றும் முறை

கனெக்டரைக் கழற்றும் முன்பு, எந்த வயர் எந்தத் துளையில் இருக்கிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல கனெக்டர்களில் பின்னின் மேல் சிறிய நாக்கு போன்ற பிடிப்பு இருக்கும். முன்பக்கத் துளை வழியாக மெல்லிய கம்பியால் அந்த நாக்கை அமுக்கியபடி, வயரைப் பின்பக்கம் மெதுவாக இழுத்தால் பின் வெளியே வரும். அதே மாதிரி பின்னை ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையில் வாங்குங்கள். அதில் இரண்டு ஜோடி காதுகள் இருக்கும். முன் ஜோடி செம்பையும், பின் ஜோடி வயரின் மேலுறையையும் பிடிக்க வேண்டும். மேலுறையைப் பிடிக்காவிட்டால், இழுவை முழுவதும் செம்பு இழைகள் மேல் விழுந்து மறுபடி அறுந்துபோகும். புதிய பின்னின் நாக்கைச் சற்று நிமிர்த்தி, ‘டிக்’ என்று உட்காரும் வரை தள்ளுங்கள்.

எர்த்தைப் பாருங்கள்

இன்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து சிமிட்டுகிறதா? பெரும்பாலும் கோளாறு எர்த்தில்தான். டிரெய்லருக்குத் தனி எர்த் வயர் இல்லாவிட்டால், மின்சாரம் கொக்கி வழியாகத்தான் திரும்ப வேண்டும். அங்கே துருவும் கிரீஸும் இருப்பதால் விளக்கு விட்டுவிட்டு எரியும். தனி எர்த் வயர் போட்டு, போல்ட் இருக்கும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு முறுக்குங்கள்.

ஃபியூஸில் விளையாடாதீர்கள்

12 வோல்ட்டில் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். இப்படி ஒவ்வொரு விளக்கின் கணக்கையும், வயரின் தடிமனையும் பார்த்துத்தான் ஃபியூஸ் அளவு வைத்திருக்கிறார்கள். அடிக்கடி போகிறது என்று செம்புக் கம்பியைச் சுற்றி வைத்தால், அடுத்த ஷார்ட்டில் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும். வைக்கோல் ஏற்றும் வண்டியில் இதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிள், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டு இன்ஜின் உள்ள புதிய டிராக்டர்களில், இன்ஜின் வயரிங்கை டெஸ்ட் பல்பால் குத்திப் பார்க்கவே கூடாது.

கடைசியாக, வயர் ஏன் அறுந்தது என்று பாருங்கள். இரும்பு விளிம்பில் உரசியிருந்தால் ரப்பர் குழாய் மாட்டுங்கள். திருப்பத்தில் இழுபட்டிருந்தால் கொக்கி அருகே வயரைத் தளர்வாக விடுங்கள். எலி கடித்திருந்தால், வண்டி நிற்கும் இடத்தில் தானியமும் தவிடும் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோடு கிளம்பும் ஒவ்வொரு மாலையும் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி, பின்விளக்கு, பிரேக் விளக்கு, இரண்டு இன்டிகேட்டர்கள் எல்லாம் எரிகின்றனவா என்று பாருங்கள். கரும்புத் தோகை விளக்கை மறைத்தால் வெட்டிவிடுங்கள். பின்பக்கம் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கரும் ஒட்டுங்கள். வயர் கைவிட்டாலும், பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தில் அது மின்னும்.