விருந்தில் விரயம், முகாமில் பஞ்சம்: அரபுலகின் இரு முகங்கள்

அரபு நாடுகளில் 2023ஆம் ஆண்டு சுமார் 6.6 கோடிப் பேர் பசியால் வாடினார்கள் என்கிறது ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம். ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர்!

இதற்கு முதற்காரணம் வறட்சியல்ல, போர். சூடானில் 2023 ஏப்ரலில் ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். படைக்கும் மூண்ட சண்டை விவசாயத்தையும் சந்தைகளையும் சிதைத்தது. 2024 ஆகஸ்டில் டார்ஃபூரின் ஸம்ஸம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. 2025 ஆகஸ்டில் காஸா நகரப் பகுதியிலும் அதே நிலை. அங்கே உணவு லாரிகள் எல்லைக்கு அப்பால் காத்து நிற்க, இஸ்ரேலின் முற்றுகை மக்களைப் பட்டினி போட்டது. ஏமனிலோ ஒன்றரைக் கோடிக்கும் அதிகமானோர் போதிய உணவின்றித் தவிக்கின்றனர்.

மறுபுறம் வளைகுடா. சவூதி தானிய நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 33 சதவீத உணவு வீணாகிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 184 கிலோ. மதிப்பு 4,000 கோடி ரியால். இதில் பெரும்பகுதி இறக்குமதி உணவு. நிலத்தடி நீர் வற்றிவந்ததால் உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலை 2016இல் நிறுத்திக்கொண்ட நாடு அது. அங்கே குப்பைக்குப் போகும் பாஸ்மதிச் சோற்றில் இந்திய விவசாயியின் உழைப்பும் தண்ணீரும் கலந்திருக்கிறது.

ரியாத் விருந்தில் மிஞ்சிய சோறு டார்ஃபூருக்குப் போய்ச் சேராதே என்று கேட்கலாம். சோறு போகாது, பணம் போகும். 4,000 கோடி ரியால் என்பது ஏறத்தாழ 1,060 கோடி டாலர். உலக உணவுத் திட்டத்துக்கு 2024இல் எல்லா நாடுகளும் சேர்ந்து கொடுத்ததே சுமார் 980 கோடி டாலர்தான். சவூதியின் நிவாரண உதவிகளை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கொடுப்பதைவிடக் கொட்டுவது அதிகமாகிவிடக் கூடாது.

மாற்றம் முடியாததல்ல. எகிப்திய உணவு வங்கி 2006 முதல் இயங்கிவருகிறது. மிஞ்சும் அளவுக்குப் பரிமாறுவதே கௌரவம் என்ற எண்ணம் மாறுவதுதான் கடினம்.

உண்ணவும் பருகவும் அனுமதிக்கும் அதே குர்ஆன் வசனம் (7:31) விரயத்தையும் தடுக்கிறது. கீழே விழுந்த கவளத்தையும் துடைத்து உண்ணச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். போரை நிறுத்துவதும் முற்றுகையை அகற்றுவதும் ஆட்சியாளர்கள் கையில் இருக்கிறது. ஆனால் எத்தனை படி அரிசி போடுவது என்பது ஒவ்வொரு குடும்பத்தின் கையில். நம் வலீமா விருந்துகளுக்கும் இது பொருந்தும். அளவாகச் சமைத்து, மிச்சமாகும் பணத்தைப் பசித்தோருக்கு அனுப்புவோம்.